எனாமல் குவளைக் கொழுப்பு

பூட்டுக்காரருக்குத் திறக்கத் தெரியாத பூட்டு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஆனால் சொந்த வீட்டுச் சமையலறையில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். பழியை அவர் தலையில் மட்டும் போட முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி அவரை அந்தப் பக்கம் அண்டவிட்டதில்லை. "கையெல்லாம் இரும்புத்தூள். எதையாவது தொட்டீங்க, அவ்வளவுதான்" என்று கரண்டியை ஓங்குவாள். அவரும் சமர்த்தாக மேசையில் உட்கார்ந்துகொள்வார். நாற்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

அந்த அம்மாள் வாரக் கடைசியில் கீழ்வீட்டுக் கறிக்கடைக்காரரிடம் ஆட்டுத்தொடை வாங்கி ஓவனில் வைத்துச் சுடுவாள். சுட்ட தட்டில் தேங்கிய கொழுப்பை ஒரு சொட்டு வீணாக்க மாட்டாள். அடுப்படியில் அவள் என்ன செய்வாளோ, ஏது செய்வாளோ, மறுநாள் அது ஓர் எனாமல் குவளையில் மெழுகு மாதிரி வெள்ளைவெளேரென்று உறைந்து ஜன்னலோர அலமாரியில் உட்கார்ந்திருக்கும். உருளைக்கிழங்கு வறுக்க, வெங்காயம் வதக்க, முட்டை உடைத்து ஊற்ற, ரொட்டியில் தடவ, எல்லாவற்றுக்கும் அதுதான். எண்ணெய்ப் புட்டி பேருக்கு நிற்கும். "உங்க வீட்ல எல்லாருக்கும் கொழுப்பு ஜாஸ்திதான்" என்று பக்கத்து வீட்டுக்காரி சீண்டினால், "இருக்கு, காட்டறோம். உனக்கு ஏன் எரியுது?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு அவளுக்கும் ஒரு கிண்ணம் கிழங்கு கொடுத்தனுப்புவாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, எதற்குப் பற்றவைத்தோம் என்று தெரியாமல் நின்றாள். அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் பக்கத்து வீட்டுக்காரியின் பேர், அப்புறம் தெரு, அப்புறம் வீட்டுக்கு வழி. பூட்டுக்காரர் வாசல் கதவுக்கு அவள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டார். போட்டுவிட்டு ஏணியிலேயே உட்கார்ந்து அழுதார். அவள் கீழே நின்று, "ஏங்க, விழுந்துடப் போறீங்க" என்றாள்.

மகளுக்கு வேறு பேட்டையில் வீடு, வேலை, கைக்குழந்தை. அவள்தான் ஒரு சாப்பாட்டுக் கடையில் சொல்லிவைத்து இரண்டு வேளையும் சாப்பாடு வரவைத்தாள். பெட்டி வரும், திறக்கும், மூடும். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்வாள். கெஞ்சினாலும் ஆகாது, மிரட்டினாலும் ஆகாது. கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. மகள் ஒருநாள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"அப்பா, நான் சொல்றதைக் கோவப்படாம கேளுங்க. முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன். அம்மா இன்னும் இளைச்சாலோ, ஆஸ்பத்திரி அது இதுன்னு ஒரு தடவை ஆச்சுன்னாலோ, அப்புறம் நான் உங்களைக் கேக்க மாட்டேன்."

"என் பொண்டாட்டியை நான் பாத்துக்குவேன்."

"பாத்துக்கறது தெரியுதேப்பா" என்றாள் மகள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது, பாவம்.

அன்று மாலை பூட்டுக்காரருக்கு மனைவியை வேறு யாரோ குளிப்பாட்டுவதையும், வேறு யாரோ தலை வாருவதையும் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று அலமாரியைக் குடைந்தபோது குவளை கையில் தட்டுப்பட்டது. அவள் நல்ல நினைவோடு இருந்தபோது கடைசியாக வைத்தது. அடியில் நாலு கரண்டி மிச்சம். மாதக்கணக்காகியும் வெள்ளை குலையாமல் இருந்தது. வாணலியில் போட்டு, கிழங்கைக் கோணல்மாணலாக வெட்டி வறுத்தார். பாதி கருகிவிட்டது. வாசனை வந்ததும் அவள் தானாக எழுந்து மேசைக்கு வந்தாள். தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். விரலைச் சப்பிக்கொண்டே, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

அட, அந்த மனுஷனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிழங்கு வெட்டினார்.

நாலு கரண்டி எத்தனை நாளைக்கு வரும்? தீர்ந்ததும் கறிக்கடைக்குப் போனார். கடைக்காரர் நல்ல கொழுத்த தொடையாக எடுத்துப் போட்டு, "அண்ணே, சுடத் தெரியுமா? கொழுப்பை எடுத்து வைக்கிற பக்குவம் தெரியுமா?" என்று கேட்டார். அந்த இடத்தில் வாயைத் திறந்து தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வீராப்பு விட்டால்தானே! "நாப்பது வருஷமா கண்ணால பாக்கறேன், தெரியாதா?" என்றார். பார்த்ததெல்லாம் மேசையிலிருந்துதான் என்பதைச் சொல்லவில்லை.

கறி ஒருவழியாகச் சுட்டாயிற்று. தட்டில் கொழுப்பும் கறிச்சாறும் கலந்து தளதளவென்று நின்றதை அப்படியே குவளையில் ஊற்றி ஒரு தட்டால் மூடினார். மறுநாள் காலையில் திறந்தால், அவள் செய்வது போலவே மேலே வெள்ளையாக உறைந்திருந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "இங்க வா, வந்து பாரு!" என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் குவளையை வாங்கினாள். சாய்த்துப் பார்த்தாள், விரலால் விளிம்பை அழுத்திப் பார்த்தாள். பிறகு, "கத்தி குடுங்க" என்றாள்.

கத்தியை அவள் கையில் கொடுக்கக் கூடாது என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "கத்தி எதுக்கும்மா உனக்கு? நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் விடவில்லை. இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்தே விட்டாள். அவருக்கு உயிரே போய்விட்டது. மணிக்கட்டைப் பிடித்துப் பிடுங்கினார். அவள், "கத்தி குடுங்க, கத்தி குடுங்க" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அன்றைக்கே அந்த இழுப்பறைக்கு ஒரு பூட்டுப் போட்டார். நல்ல பித்தளைப் பூட்டு. கடையில் இருந்ததிலேயே அதுதான் உசத்தி.

அப்புறம் சில நாட்கள் வீடு பழையபடி மணத்தது. மேலாக வழித்து எடுத்த கொழுப்பில் காலையில் முட்டை, மத்தியானம் கிழங்கு, சாயங்காலம் வெங்காயம் வதக்கி ரொட்டியோடு. அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. மகள் வந்து பார்த்து, "பரவாயில்லையே அப்பா!" என்றாள். "பின்ன என்னன்னு நினைச்சே?" என்று பூட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். இல்லத்துப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவரும் ஞாபகப்படுத்துவாரா என்ன?

வெயில் காலம் வந்தது. குவளையில் வெள்ளை மெலிந்து, கரண்டி கீழே இறங்கியது. பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ சேர்ந்து வந்தது. கறிச்சாறுதானே, சத்துதானே என்று நினைத்தார். மூக்கு காட்டிக்கொடுத்திருக்கும், ஆனால் சாவி ராவும் தூள் ஏறி ஏறி அவர் மூக்கு செத்துப் பல வருஷமாகிறது. கிழங்கை வறுத்துத் தட்டில் வைத்தார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"வேண்டாம்."

"ஏம்மா, நேத்து நல்லாத்தானே சாப்பிட்டே?"

"வேண்டாங்க. நல்லால்ல."

மறுபடி பட்டினி கிடக்கப் போகிறாள், மறுபடி இளைக்கப் போகிறாள், மகள் வந்து கையைப் பிடித்துப் பார்க்கப் போகிறாள். அவருக்கு அந்தப் பயம்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார். "எனக்காக ஒரு வாய். என் செல்லம்ல, இன்னும் ஒரே ஒரு வாய்" என்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் முழுத் தட்டையும் விழுங்கினாள். அவருக்கென்று தனியாக வறுக்கவில்லை. பெட்டியில் வந்ததைச் சாப்பிட்டுக்கொண்டார்.

விடியும்போது அவள் வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தாள். கறிக்கடைக்காரர்தான் ஓடிவந்து தூக்கி வண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுத் துணி எடுக்க இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தபோது கடைக்காரர் சமையலறைக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். குவளையைத் திறந்து பார்த்தார்.

"ஐயோ அண்ணே, சாறோட சேர்த்தா வச்சீங்க?"

"ஏன்? அவ அப்படித்தானே வைப்பா?"

"இல்லண்ணே. வெள்ளையா உறைஞ்சதும் அதை வில்லையாப் பேர்த்து எடுக்கணும். கீழ ஒட்டியிருக்கிற சாறைக் கத்தியால சுத்தமாச் சுரண்டிட்டு, திரும்ப உருக்கி வடிகட்டணும். அப்பத்தான் கெடாம நிக்கும். அக்காதான் என் வீட்டுக்காரிக்கே சொல்லிக்குடுத்தாங்க. உங்களுக்குச் சொல்லலையா?"

பூட்டுக்காரர் இழுப்பறையில் தொங்கிய பித்தளைப் பூட்டைப் பார்த்தார். "சொன்னாப்பா" என்றார். "கத்தி குடுங்கன்னு கேட்டா. நான்தான் பிடுங்கிட்டேன்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேர் மறந்தவள், தெரு மறந்தவள், இதை மட்டும் மறக்கவில்லை. அதைக்கூட அவளைச் செய்யவிடவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகளிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி நேரே இல்லத்துக்குப் போனது.

கொஞ்ச நாளைக்குப் புது ஆட்கள் பழகட்டும் என்று அவரை உள்ளே விடவில்லை. விட்ட அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனார். வெளிச்சமான கூடம், சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். ஜன்னல் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலையை வேறு மாதிரி வகிடெடுத்து வாரியிருந்தார்கள். உடம்பு தேறியிருந்தது.

"அம்மா இப்பல்லாம் குடுக்கறதைச் சாப்பிட்டுடறாங்க" என்றாள் நர்ஸ்.

"என்ன குடுக்கறீங்க?"

"வேகவச்ச காய், குழையப் பிசைஞ்ச சோறு. எண்ணெய், கொழுப்பு எதுவும் சேர்க்கறதில்லைங்க."

சந்தோஷப்படத்தான் வேண்டும். அவருக்கு என்னவோ முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். அவள் புது ஆளிடம் காட்டும் மரியாதையோடு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"யாரைப் பாக்க வந்தீங்க?"

"உன்னை... உங்களைத்தாங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"வீட்ல யார் இருக்காங்க?"

"என் பொண்டாட்டி."

"நல்லாச் சமைப்பாங்களா?"

"அவ சமையலுக்கு ஈடே கிடையாதுங்க."

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க?" அவள் ஜன்னலுக்கு வெளியே இறங்கிய வெயிலைப் பார்த்துவிட்டு அவரைக் கடிந்துகொண்டாள். "நேரமாச்சு, கிளம்புங்க. நீங்க வராம அவங்க சாப்பிட மாட்டாங்க."

"சரிங்க" என்று பூட்டுக்காரர் எழுந்தார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார அவருக்கு ஆசைதான். ஆனால் அவள் வாசலையே காட்டிக்கொண்டிருந்தாள்.