திறக்காத மடிக்கணினியும் பொன்விழா மலரும்

எங்கள் பள்ளியின் பொன்விழா மலரைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு என் தமிழ்ப் புலமை காரணமல்ல. என்னிடம் ஒரு மடிக்கணினி இருந்ததுதான் காரணம். வெளிநாட்டில் வேலை பார்த்த என் மைத்துனர், புதிதாக ஒன்று வாங்கிய கையோடு பழையதை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஆரணியில் அப்போது மடிக்கணினி வைத்திருந்தவர்கள் பெரிய பட்டுச்சேலை வியாபாரிகளும் நானும்தான். தினமும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போவேன். மேசைமேல் வைத்துத் திறந்து, யாரும் பின்னால் வராதபடி சுவரோரமாக உட்கார்ந்துகொள்வேன். அதில் நான் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஏதோ ஆராய்ச்சி நடப்பதாக நினைத்தார்கள்.

தலைமையாசிரியரும் அப்படித்தான் நினைத்தார். நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. எங்களுடையது கிறிஸ்தவர்கள் நடத்திய உதவி பெறும் பள்ளி. காலை வழிபாட்டில் ஜெபம் செய்வது அவர்தான். ஜெபத்திலேயே அன்றைய அறிவிப்புகளையும் சொல்லிவிடுவார். அப்படி ஒரு நாள், "தமிழய்யா கையில் நீர் ஒப்புக்கொடுத்திருக்கிற பொன்விழா மலர் பணியை ஆசீர்வதியும்" என்று அவர் ஆண்டவரிடம் சொன்னபோதுதான் வேலை என்னிடம் வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

பள்ளியின் ஐம்பது ஆண்டு வரலாற்றை நான் எழுத வேண்டும். மற்ற ஆசிரியர்களிடம் கட்டுரைகள் வாங்கித் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய மாணவர்களையும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் தேடிப்போய்ப் பேச வேண்டும். இதற்காக எனக்குப் பணி நிமித்த விடுப்பு தாராளமாகக் கிடைத்தது. கண்ணமங்கலம் போகிறேன், தெள்ளார் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலூரில் சினிமா பார்த்தேன். சில நாள் அதுகூட இல்லை. வீட்டில் படுத்துத் தூங்கினேன். ஒரே ஒரு முறை உண்மையாகவே கலசப்பாக்கம் போனேன். அங்கே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தன் பங்காளியுடன் நடந்துகொண்டிருக்கும் வரப்புத் தகராறைப் பற்றி நான்கு மணி நேரம் பேசினார். பள்ளியைப் பற்றிக் கேட்டதற்கு, "இருந்துது, போய்கினு இருந்தேன்" என்றார். அதை எப்படி வரலாறு ஆக்குவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

"மலர் எந்த அளவுல இருக்குது தமிழய்யா?" என்று தலைமையாசிரியர் வாரம் ஒரு தடவை கேட்பார்.

"போய்கினே இருக்குது சார்" என்பேன்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை, ஆசிரியர் அறையில் மடிக்கணினியைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வழக்கமாக வரும் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அணைத்துப் போட்டேன். அதே வரி. பேட்டரியைக் கழற்றி, துடைத்து, மாட்டினேன். அதே வரி.

முதலில் வந்தது பயம். அடுத்த நிமிடமே உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இத்தனை பெரிய உதவியை எனக்கு யாரும் செய்ததில்லை. முகத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்து தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"எல்லாம் போச்சு சார்" என்றேன். குரல் தானாகவே தழுதழுத்தது. அதை இன்றும் என்னால் விளக்க முடியவில்லை.

அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "எத்தினி பக்கம் இருக்கும்?"

"இருநூறு" என்றேன். சொன்ன பிறகுதான் நூறு என்றே சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

செய்தி பரவியது. துக்கம் விசாரிப்பதுபோல ஒவ்வொருவராக வந்தார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். தேர்வுத்தாள் திருத்துவதை இன்னொருவர் வாங்கிக்கொண்டார். அதோடு இன்னொன்றும் நடந்தது. எட்டு மாதமாக நான் கேட்டும் ஒரு வரிகூட எழுதித் தராத கணக்கு ஆசிரியர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெருமூச்சு விட்டார்.

"என்னோட கட்டுரையும் அதுலதான இருந்துது? இருபது பக்கம். காப்பி கூட எடுத்து வெக்கல."

நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். "ஆமா சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த நாள் உடற்கல்வி ஆசிரியர், ஐம்பது ஆண்டு விளையாட்டுச் சாதனைகளின் பட்டியலைப் படங்களோடு என்னிடம் கொடுத்திருந்ததாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளி மாவட்ட அளவில் எதிலாவது வென்றதாக அதற்குமுன் நான் கேள்விப்பட்டதில்லை. தலைமையாசிரியரின் ஆசிச் செய்தியும் போய்விட்டது என்று புதன்கிழமை தெரிந்தது. அவரே சொன்னார். "போன மாசமே குடுத்துட்டேன் இல்ல, தமிழய்யா?" என்று நல்ல மனதோடு கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். அந்த ஒரு வாரத்தில் எங்கள் பள்ளியில் எழுதப்பட்ட அளவுக்கு அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளிலும் எழுதியிருக்க மாட்டார்கள். அவ்வளவும் என் மடிக்கணினிக்குள் இருந்தது.

பழுது பார்க்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் உறுதி சொல்ல மாட்டார்கள் என்று சொல்லி நாளைக் கடத்தினேன். ஆனால் தலைமையாசிரியருக்கு மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வழிபாட்டில் கண்களை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அந்தக் கணினிக்குள் மறைந்து கிடக்கிற எல்லாவற்றையும் வெளியே கொண்டுவாரும்" என்று ஜெபித்தார். பிள்ளைகள் ஆமென் என்றார்கள். ஆசிரியர் வரிசையில் ஆமென் சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்ததாக எனக்குப் பட்டது.

அன்று மாலையே அவர் என் மடிக்கணினியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரிய கடைத்தெருவில், பட்டுநூல் கடைக்கு மேலே மாடியில் ஒருவர் கணினி பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தாள். நெசவுக் குடும்பம், முப்பத்தைந்து வயதிருக்கும். முதலில் சேலை முந்தானைகளுக்குக் கணினியில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர், தன் கணினி கெட்டுப்போகும்போதெல்லாம் தானே பிரித்துப் பார்த்து, அப்படியே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டவர். நானும் கூடவே போனேன். போகாமல் எப்படி இருப்பது?

பக்கத்துக் கட்டடத்தில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. மாடித் தரை லேசாக அதிர்ந்தபடியே இருந்தது. அவர் மடிக்கணினியை ஒரு மடித்த போர்வைமேல் வைத்து, பொத்தானை அழுத்தி, அந்த வரியைப் படித்தார்.

"இது கஷ்டம்தானே?" என்றேன்.

"விண்டோஸ்தான் போயிருக்குது சார். உள்ள இருக்கற டிஸ்க்கு தப்பிச்சிருந்தா எல்லாத்தையும் எடுத்துடலாம். நாலு நாள் குடுங்க."

"ரொம்ப மெனக்கெட வேணாம். வந்தா வரட்டும்."

"இன்னா சார் இப்டி சொல்றீங்க. எட்டு மாச உழைப்பு இல்ல?" என்றார் அவர். தலைமையாசிரியர் வழியிலேயே எல்லாவற்றையும் அவரிடம் போனில் சொல்லி வைத்திருந்தார்.

அந்த நான்கு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மதியம் அவருடைய கடை வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். படியேறி உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். கீழே நூல் கடைக்காரர் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். அதையே ஒரு காரணமாக வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பழுது பார்த்தவர் பள்ளிக்கே வந்தார். கையில் இரண்டு சிடி, அச்சடித்த நான்கு பக்கப் பட்டியல். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. தலைமையாசிரியர் ஆசிரியர்கள் எல்லாரையும் கணினி அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"சில எடத்துல டிஸ்க்கு அடி வாங்கியிருந்துது சார். அதான் லேட்டு. வேறொரு சிடி போட்டுக் கிளப்பி, உள்ள இருந்ததெல்லாம் வெளிய எடுத்துட்டேன். அழிச்சது கூட வந்துட்டுது. ஒண்ணு விடல."

தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை உரக்கப் படிக்க ஆரம்பித்தார். என் மைத்துனர் வெளிநாட்டில் எடுத்துக்கொண்ட படங்கள் இரண்டு பக்கத்துக்கு வந்தன. பிறகு என் பெண்ணின் ஜாதகம். பிறகு 'மலர் முன்னுரை 1', 'மலர் முன்னுரை 2' என்று தொடங்கிப் பதினேழுவரை. முன்னுரை எழுதுவது எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு முறை வேலையைத் தொடங்கும்போதும் புதிதாக ஒன்று எழுதினேன். கடைசியாக, 'பள்ளி வரலாறு'.

"இதான்" என்றார் தலைமையாசிரியர். "திறங்க."

பழுது பார்த்தவர் திறந்தார். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே இரண்டே சொற்கள்: 'நமது பள்ளியானது'. அதற்குப் பின் வெள்ளையாக இருந்தது. அவர் கீழே தள்ளிப் பார்த்தார். பக்கம் அதற்குமேல் போகவில்லை.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்போது தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

"என்னோட ஆசிச் செய்தி எங்கப்பா?"

"அப்படி எதுவும் இல்லீங்க."

"நல்லா பாத்தீங்களா?"

"அழிச்சதும் சேத்து எடுத்துட்டேங்க. இருந்தா வந்திருக்கும்."

"என்னோட இருபது பக்கம்?" என்றார் கணக்கு ஆசிரியர். கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே அடுத்த நொடி புரிந்திருக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே மைதானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

பழுது பார்த்தவர் பட்டியலை வாங்கி இன்னொரு முறை மேலிருந்து கீழே விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இல்லீங்களே" என்றார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவருக்கு முன்னால் நின்றவர்கள் பன்னிரண்டு ஆசிரியர்கள். அவர் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தாள்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார்.

"ஆக, ரெகவரி முழுசா ஆகல."

"ஆமா சார், பாதிதான் வந்திருக்குது" என்றார் கணக்கு ஆசிரியர் ஜல்தியாக.

"முன்னுரை மட்டும் வந்திருக்குது, உள்ள இருந்தது வரல" என்றார் உடற்கல்வி ஆசிரியர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பழுது பார்த்தவரும் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இருபத்தைந்து ஆண்டுகளாக வாய்மையே வெல்லும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன். "போனது போனதுதான் சார். அவரும் முடிஞ்சவரைக்கும் பாத்தாரு" என்றேன். அதைப் பெருந்தன்மையான குரலில் வேறு சொன்னேன்.

அவர் சிடிகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மலர் அடுத்த ஆண்டு முப்பத்திரண்டு பக்கங்களில் வந்தது. அதில் பாதி ஆரணிப் பட்டுச்சேலைக் கடைகளின் விளம்பரம். முன்னுரையை நான்தான் எழுதினேன். பதினேழும் கையில் இருந்ததால் கஷ்டப்படவில்லை. 'அரிதின் முயன்று தொகுத்த பெரும்பகுதி கணினிப் பழுதாலும், மீட்டெடுப்பில் நேர்ந்த குறைபாட்டாலும் அழிந்துபோனது' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பிழை திருத்தும்போது அதை மூன்று முறை படித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

பழுது பார்த்தவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய, பள்ளிக் கணினி அறையைப் பராமரிக்கும் வேலை வேலூர்க்காரர் ஒருவருக்குப் போனது. ஊரில் பேச்சும் அப்படியே நிலைத்துவிட்டது. பட்டுநூல் கடை மாடியில் கொடுத்தால் பாதிதான் திரும்பி வரும் என்றார்கள்.

ஓராண்டு கழித்து நான் அந்த மாடிப்படியை ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வேறொரு பயம் இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மறுபடியும் முந்தானை டிசைன்தான் போட்டுக்கொண்டிருந்தார். திரையில் ஒரு மயில் பாதி உடம்போடு நின்றது.

"அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஒரே பேஜாராப் போச்சு எனக்கு."

"சொல்லியிருக்கணும்" என்றேன். பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். "அதெல்லாம் இன்னும் உங்ககிட்ட இருக்குதா?"

"எல்லார்தும் ஒரு காப்பி வெச்சிருப்பேன் சார். பின்னாடி வந்து கேப்பாங்க."

"அழிச்சிட முடியுமா?"

அவர் மயிலை ஓரமாகத் தள்ளிவிட்டு, என் பெயரிட்ட கோப்புறையைத் தேடி எடுத்து, நான் பார்க்கும்படி திரையை என் பக்கம் திருப்பி அழித்தார்.

"இனிமே யாராலயும் எடுக்க முடியாதா?"

"என்னால முடியும்" என்றார். மயிலைத் திரும்ப நடுவில் கொண்டுவந்து அதன் கழுத்துக்கு நிறம் தேட ஆரம்பித்தார்.

கீழே இறங்கி எதிர்க்கடையில் டீ சொன்னேன். கணக்கு ஆசிரியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் எங்கிருந்து இறங்கினேன் என்பதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"அந்த ஆள்கிட்டயா போனீங்க? இருக்கறதயும் போக்கிடுவானே."

அவர் அதை முழு நம்பிக்கையோடு சொன்னார். தன் இருபது பக்கம் அந்த மாடியில்தான் தொலைந்தது என்று அந்த ஓராண்டில் அவரே நம்ப ஆரம்பித்திருந்தார்.

"ஆமா சார்" என்றேன். அவருக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னேன்.