ஆச்சி பற்றவைத்த அடுப்பு

அன்றைக்கு அந்த வீட்டின் நடு முற்றத்து வளவில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆச்சி. ஆச்சியின் கொழுந்தனார். அவருடைய மனைவி, அதாவது ஆச்சியின் ஓரகத்தி. பங்காளி வீட்டுப் பெரியவர். அவரோடு வந்திருந்த அவர் மனைவி. ஆறாவது நான். ஏழாவதாக ஒருவர் மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம். மாடிப்படிக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. காற்றில் திறந்திருக்கலாம். ஆனால் அன்றைக்குக் காற்றே இல்லை.

பெரியவர் வந்திருந்தது தீர்ப்புச் சொல்வதற்கு. ஆச்சிக்குப் புத்தி சரியாக இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் ஆச்சியை மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது, மலேயாவில் இறந்துபோன ஆச்சியின் கணவருக்குக் கொழுந்தனாரின் இரண்டாவது மகனைத் தத்துப் பிள்ளையாகக் கூட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. பிள்ளை கூட்ட ஆச்சியின் சம்மதம் வேண்டும். புத்தி சரியில்லாதவர் சம்மதத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

நான் அந்த வீட்டுக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் பெருக்க வந்து, அப்படியே மனசு சரியில்லாத பெண்களுக்குத் துணையாக உட்காருகிறவளாக ஆகிவிட்டேன். மருந்து பாதி, பக்கத்தில் இருக்கிற ஆள் பாதி என்பார் டாக்டர். நோயாளியின் வீட்டிலேயே போய்த் தங்கி, பேச்சுக் கொடுத்து, சாப்பிட வைத்து, தூங்க வைக்க வேண்டும். அந்த வேலைக்கு அப்போது எங்கள் பக்கம் பெயர் கிடையாது. "சும்மா உக்காந்து பேசுறதுக்குச் சம்பளமா?" என்று என் தெருவிலேயே சிரித்தார்கள்.

டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். "அவங்க என்ன சொன்னாலும் ஆமான்னும் சொல்லாத, இல்லைன்னும் சொல்லாத. கேட்டுக்கிட்டே இரு." எனக்கு அது சுலபம். எனக்கே எதுவும் ஆமாவா இல்லையா என்று நிச்சயம் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று பயம். இறங்கினால் தப்பான ஊரில் இறங்கிவிட்டேனா என்று பயம். கதவைப் பூட்டிவிட்டு நாலு வீடு தள்ளிப் போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். இப்படிப்பட்டவளை டாக்டர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் அது. வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிந்தது. அந்தப் பக்கத்தில் கல்யாணமான பெண்களை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்; இந்த ஆச்சிக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். முதல் நாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உன்னை அனுப்புனது யாரு?"

"டாக்டர் ஆச்சி."

"டாக்டருக்குச் சொல்லிவிட்டது யாரு?"

"ஒங்க கொழுந்தனாருங்க."

"அப்ப அவரு அனுப்புன ஆளுன்னு சொல்லேன். எதுக்கு டாக்டரைச் சுத்திக்கிட்டு வார?"

ஆச்சியின் நோய் என்று எனக்குச் சொல்லப்பட்டது இது: கணவர் இறந்த செய்தி வந்து சில மாதங்களிலிருந்து வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. அதில் என்னமோ கலந்திருக்கிறது என்கிறார். உரிக்காத வாழைப்பழம், உடைக்காத தேங்காய், தன் கையால் மூன்று முறை வடிகட்டிய தண்ணீர். இதுதான் ஆகாரம். மத்தியானங்களில் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "என்னைப் பத்திப் பேசுறாங்க" என்பார். நானும் ஒரு நாள் காதை வைத்துப் பார்த்தேன். யாரோ பேசத்தான் செய்தார்கள். யாரைப் பற்றி என்று கேட்கவில்லை.

ஓரகத்தி தட்டில் சோறு கொண்டுவருவார். நான் முதல் வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது கொழுந்தனாரின் உத்தரவு. பயமில்லை என்று ஆச்சிக்குப் புரியட்டுமாம். எனக்கோ சாதாரணமாகவே கை நடுங்கும். ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நடுங்கும். சோற்றை எடுத்த கை வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் கொட்டிவிட்டது.

ஆச்சி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார். "ஏத்தா, ஒனக்கு என்ன தெரியும்? சொல்லிரு. கை ஏன் இந்த ஆட்டம் ஆடுது?"

"எனக்கு எப்பவும் நடுங்கும் ஆச்சி."

"கேக்குறவன் கேணையா இருந்தா நம்புவான்" என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

அதன் பிறகு எனக்கும் ஆரம்பித்துவிட்டது. பாலில் மிதந்த ஆடை நீலமாகத் தெரிந்தது. ஓரகத்தி காலித் தட்டு திரும்பும்வரை நிலைப்படியிலேயே ஏன் நிற்கிறார்? நான் வரும்போது பேச்சு ஏன் நிற்கிறது? ஒரு நாள் குழம்பு கசந்தது. வெந்தயம் கருகியிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் சந்தைக்குப் போய் அரிசியும் ஒரு மண்பானையும் வாங்கிவந்து, பின்கட்டில் மூன்று செங்கலை வைத்து எனக்கு மட்டும் கஞ்சி காய்ச்சத் தொடங்கினேன். "வயித்துக்கு ஆகலைங்க" என்று சொல்லிவைத்தேன்.

ஆச்சி கதவோரம் நின்று பார்ப்பார். ஒரு நாள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அரிசி எங்க வாங்குன?"

"திருமயத்துச் சந்தையில ஆச்சி."

"தண்ணி?"

"ஊருணியில நானே மொண்டது."

"வெறகு?"

"வெறகுல என்னத்தக் கலக்குறது ஆச்சி?"

"நீயெல்லாம் பொழைக்கமாட்ட. அங்கிட்டுத் தள்ளு."

என்னை நகர்த்திவிட்டு ஊதாங்குழலை வாங்கி ஊதினார். அரிசியைக் களைந்த கையைப் பார்த்தால் புத்தி பேதலித்த கையாகத் தெரியவில்லை. மிளகு ரசம் வைத்தார். இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். மூன்றாவது முறை பானையில் இல்லை. என் பங்கும் போயிற்று.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அந்தக் குடும்பங்களில் ஒரு மகனுக்குக் கல்யாணமானால் அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். வேறு வைப்பது என்று பெயர். அந்த அடுப்பு எரிந்தால்தான் புருஷனும் பெண்சாதியும் ஒரு புள்ளி. அதாவது கோயில் கணக்கில், ஊர்க் கணக்கில் ஒரு தனிக் குடும்பம். ஆச்சியின் கணவர் இறந்த பிறகு, "ஒரு ஆளுக்கு எதுக்குத் தனி அடுப்பு?" என்று கொழுந்தனார் அந்த அடுப்பை இடித்துவிட்டு, தன் அடுப்பில் வந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார். பார்வைக்கு அது தயவு.

"அவ அடுப்புச் சோத்தைத் தின்னா, என் புள்ளி அழிஞ்சுபோச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார் ஆச்சி.

"அப்ப சோத்துல ஒண்ணும் கலக்கலையா ஆச்சி?"

ஆச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதை யாரு கண்டா? கலந்தும் இருப்பா."

இங்கேதான் எனக்குக் குழப்பம். பாதி நியாயம், பாதி நோய். எது எங்கே முடிகிறது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. டாக்டரைப் பார்த்துச் சொன்னேன். "சாப்பிடுறாங்களா? அதைக் கெடுக்காத" என்றார்.

பெரியவர் வருவதற்கு முந்தின நாள் கொழுந்தனார் என்னைக் கூப்பிட்டார். முதலில் என் குடும்பத்தை விசாரித்தார்.

"நாளைக்குப் பெரியவர் கேட்டா, ஒண்ணும் சாப்பிடமாட்டேங்குறாங்கன்னு சொல்லு. பொய் இல்லையே? எங்க வீட்டுச் சாப்பாட்டைத் தொடலையே? சொன்னியன்னா சம்பளத்தை மொத்தமா அப்பவே வாங்கிக்கிட்டுப் போயிரலாம்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் இல்லாமல் ஆட்டினேன்.

மறுநாள் வளவில் எல்லாரும் உட்கார்ந்ததும் ஓரகத்தி வெள்ளி டம்ளர்களில் காப்பி கொண்டுவந்தார். எல்லாரும் குடித்தார்கள். ஆச்சியின் டம்ளரில் ஈ உட்கார்ந்தது.

"பாத்தீங்களா பெரியப்பா?" என்றார் கொழுந்தனார். அவ்வளவுதான் சொன்னார்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் கூட இருக்குறவளா? சாப்புடுறாங்களா, இல்லையா?"

சாப்பிடவில்லை என்று சொன்னால் ஆச்சி மெட்ராஸுக்குப் போவார். சாப்பிடுகிறார் என்று சொன்னால் என் சம்பளம் போகும். அதுவும் போகட்டும், உண்மையிலேயே புத்தி கெட்டவராக இருந்து நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் என் தலையில்தானே விழும்?

"அந்த அடுப்புல வச்சதைச் சாப்பிடமாட்டாங்கய்யா. அவங்க அடுப்புல வச்சதைச் சாப்பிடுறாங்க."

"அவங்களுக்கு ஏது அடுப்பு?"

கொழுந்தனாரின் முகம் சிவந்தது. "இவ கொண்டாந்து வச்ச செங்கல்லு பெரியப்பா. யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்காங்க."

"யாரு அனுப்புனா உன்னை? எவ்வளவு குடுத்தாங்க?" என்று பெரியவர் கேட்டார். அந்த வீட்டில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் யாரும் பாக்கியில்லை.

ஆச்சி எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து புகை வந்தது. பிறகு மிளகும் சீரகமும் தாளிக்கிற வாசனை வந்தது. எல்லாரும் அதை மோந்துகொண்டு மோந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தோம். ஆச்சி வந்தார். பெரியவர் முன்னால் எலையைப் போட்டார். சோற்றை வைத்தார். ரசத்தை விட்டார். தள்ளி நின்றார்.

பெரியவர் கையை நீட்டினார். நீட்டிய கை எலைக்கு மேலேயே நின்றது.

"வேணாம் பெரியப்பா. என்னத்தப் போட்டிருக்காங்களோ" என்றார் கொழுந்தனார்.

ஆச்சி பெரியவரைத்தான் பார்த்தார். "என்ன மாமா யோசனை? நான் யோசிச்சா பைத்தியம். நீங்க யோசிச்சா அது வெவரமாக்கும்?"

பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். "ஏம்மா, நீ ஒரு வாய் எடுத்துப் பாரு" என்று என்னிடம் சொன்னார்.

எடுத்தேன். ஐந்து பேரும் என் கையையே பார்த்தார்கள். அது என்ன செய்யும்? ஆடியது.

"பாருங்க, பாருங்க, இவளே நடுங்குறா!" என்று ஓரகத்தி கத்தினார்.

"அது ஒன் சோத்துக்கும் நடுங்குன கைதான்" என்றார் ஆச்சி.

அதுவரை வாயே திறக்காத பெரியவர் மனைவி பக்கென்று சிரித்துவிட்டார். "நல்லா இருக்கு ஒங்க பஞ்சாயத்து. சோறு ஆறுது" என்று புருஷனின் எலையைத் தன் பக்கம் இழுத்துப் பிசைந்து சாப்பிட்டார். "உப்பு ஒரு கல்லு கூட. வேற ஒரு கொறையும் இல்ல."

பெண்சாதி சாப்பிட்ட பிறகு பெரியவர் என்ன செய்வார்? தனக்கு ஒரு எலை கேட்டார். ஒரு வீட்டு அடுப்பில் கைநனைத்துவிட்டு, அந்த அடுப்பே கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. அது கொழுந்தனாருக்கும் தெரியும். அவர் எழுந்து முன்பக்கம் போய்விட்டார். அடுப்பை இருந்த இடத்திலேயே கட்டிக்கொடுக்க வேண்டும், மெட்ராஸ் பேச்சு வேண்டாம், பிள்ளை கூட்டுவது ஆச்சியாகச் சொல்லும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர் கைகழுவும்போதே சொல்லிவிட்டார்.

நான் சம்பளத்துக்கு முன்பக்கம் போனேன். "யாரு அடுப்புக்கு வேலை பாத்தியோ, அந்த அடுப்புல போய்க் கேளு" என்றார் கொழுந்தனார்.

ஆச்சியிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அப்ப அம்புட்டும் துட்டுக்குத்தானா? அவருகிட்ட எம்புட்டு பேசுன, என்கிட்ட எம்புட்டு பேசுற?" கதவைப் பாதி சாத்திக்கொண்டு அந்த இடைவெளி வழியாகப் பேசினார். கையில் ரொக்கம் இல்லாத வெட்கமா, பழைய நோயா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. டாக்டரிடம் கேட்டால், "ரெண்டும் இருக்கும்" என்றார். மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கச் சொன்னார். போனேன். ஆச்சி நன்றாக இருந்தார், உடம்பு தேறியிருந்தது. சாப்பாடு போடுவார். சம்பளப் பேச்சை எடுத்தால் மட்டும் சுவரைப் பார்ப்பார். நான் எடுப்பதை விட்டுவிட்டேன்.

முதலில் கொடுத்த பத்து ரூபாய் முன்பணம் போக, அந்த வீட்டிலிருந்து எனக்கு இன்னும் வரவேண்டியது நாற்பத்திரண்டு ரூபாய் எட்டணா.