லாரி உயரத்துக்கு மேலே

ஏரி வளைவு வந்ததும் டிரைவர் பாட்டை நிறுத்துகிறார், கியரைக் குறைக்கிறார். மதிய வண்டி, பாதி சீட் காலி. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இறங்குமிடம் வந்துவிட்டதோ என்று பையைத் தேடுகிறார்கள். வெளியே நகர்வதோ வெறும் சாம்பல் நிறச் சுவர்.

"மச்சான், சுவத்துக்கெல்லாம் என்ன மரியாதை? மிதிங்க!" என்று பின்னாலிருந்து குரல் கொடுக்கிறார் கண்டக்டர். டிரைவரின் தங்கையைக் கட்டியவர். அந்த உரிமையில் என்ன வேண்டுமானாலும் பேசுவார். டிரைவர் சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெத்தைகள் கிடக்கின்றன. அவருக்கு மூலம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பவரும் இந்தக் கண்டக்டர்தான். டிரைவர் மறுப்பதில்லை.

சுவர் வருவதற்கு முன்பும் இந்த வண்டியில் போயிருக்கிறேன். வளைவில் ஏரி சட்டென்று திறந்துகொள்ளும். கரையில் பழைய கோட்டை, தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு கோட்டை. "எல்லாரும் என் பக்கம் பாருங்க. என்னைய இல்ல, ஏரிய!" என்பார் டிரைவர். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓர் அம்மாள் அந்தப் பக்க ஜன்னலுக்காகச் சண்டையே போடுவார். "இதைப் பாத்துட்டுப் போனா ஊசி வலிக்காதுப்பா."

கோட்டைக் கல்லைத் திருடர்கள் லாரியில் அள்ளிப்போய் வீட்டு அஸ்திவாரத்துக்கு விற்றார்கள். கோட்டை நாளுக்கு நாள் குட்டையானது. டிரைவருக்குப் பொறுக்கவில்லை. பயணிகளிடம் கையெழுத்து வாங்கினார், லீவு நாளெல்லாம் செருப்புத் தேயத் தொல்லியல் அலுவலகத்துக்கு அலைந்தார். ஒருவழியாக அதிகாரி நேரில் வந்து, சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பலாமா என்று கேட்டார்.

ஒருநாள் நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தபோது டிரைவரே சொன்னார்: "அங்கதான் தம்பி வாய விட்டேன். நான் பெரிய இவனாட்டம், 'பத்தாது சார், லாரிய ஒட்டி நிறுத்தி, மேல ஏறிக் குதிச்சுடுவானுங்க, லாரி உயரத்துக்கு மேல போங்க'ன்னேன். லாரிய நெனச்ச எனக்கு என் பஸ்ஸு ஞாபகம் வரல பாருங்க."

சொன்னது சொன்னபடி கட்டினார்கள். அதன் பிறகு ஒரு கல்கூடக் காணாமல் போகவில்லை. "காப்பாத்துங்கன்னு கேட்டேன், காப்பாத்திட்டாங்க. யாரக் குத்தம் சொல்றது?" என்றார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டு ஆறியிருப்பார். எனக்கு மனசு கேட்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காக மெத்தைகளைக் காட்டி, "மூலத்துக்கு மருந்து சாப்பிடறீங்களாண்ணே?" என்றேன்.

"மூலமாவது ஒண்ணாவது! சீட்டு கொஞ்சம் ஒசந்தா எட்டும்னு பாத்தேன்."

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மாளும் வண்டியில் இருந்தார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் எந்த ஜன்னலானாலும் ஒன்றுதானாம். வளைவு வந்ததும், "தண்ணி இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டார்.

வண்டி ஊர்ந்தது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மெத்தையிலிருந்து எழும்பி, கழுத்தை நீட்டினார். தலை கூரையில் இடித்தது. சுவரின் விளிம்பு அப்போதும் அவர் கண்ணுக்கு மேலேதான் இருந்தது.

"இருக்குக்கா, ததும்புது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, பாட்டைப் போட்டார்.