ஸ்டாஃப் ரூம் ஃபேன்

திருவொற்றியூர் அரசுப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியன். சண்டையைப் பேசித் தீர்ப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் கற்றுத்தர, என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் விதி: எதிராளியைத் திட்டாதே, உனக்கு வலிப்பதை மட்டும் சொல். ஒன்பதாம் வகுப்பில் முதல் நாளே ஒருவன் பக்கத்துப் பையனிடம், "ஒன் மூஞ்சியப் பாத்தா எனுக்கு மன்சு வலிக்குதுடா" என்றான். விதிப்படி சரிதான். உட்காரச் சொன்னேன்.

அடுத்து செல்வி எழுந்தாள். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவின் மகள், நன்றாகப் படிப்பவள்.

"சார், நீங்க பி.டி. சாராண்ட பேசறதே இல்லியே. மொதல்ல உங்க சண்டைய முடிங்க. நாங்க பாத்து கத்துக்கறோம்."

வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. அவள் சொன்னது உண்மை. ஸ்டாஃப் ரூமில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் யார் பக்கம் திரும்புவது என்பதில் தொடங்கி, நானும் பி.டி. மாஸ்டரும் வருடக்கணக்காக அட்டெண்டர் மூலம்தான் பேசிக்கொண்டோம். செல்வியை வெளியே அனுப்பினேன். அம்மாவோடுதான் வர வேண்டும் என்றேன். சமாதானப் பாடத்தின் முதல் வெற்றி அது.

அம்மாவும் வரவில்லை, அவளும் வரவில்லை. அந்த வாரமே அட்டெண்டர் வந்து, பி.டி. மாஸ்டர் ஏதோ சொல்ல வேண்டுமாம், என்னை வரச் சொல்கிறார் என்றார். வேண்டுமானால் அவர் வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அரையாண்டுத் தேர்வில் அவள் இடம் காலியாக இருந்தது. அன்றுதான் வீறாப்பை விழுங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய் அவரிடம் கேட்டேன். செல்வி வீட்டுத் தெருவில்தான் அவரும் குடியிருந்தார்.

"அவங்கம்மா அன்னிக்கே என்னாண்ட சொல்லுச்சு சார். வாத்தியாரு வந்து ஒரு வார்த்த கூப்ட்டா அனுப்பறேன்னு. அதச் சொல்லத்தான் கூப்ட்டேன். நீங்க வர்ல. நானும் வீம்புக்கு வுட்டுட்டேன்."

இருவரும் அவருடைய பைக்கில் போனோம். செல்வி இறால் உரிக்கும் கொட்டகையில் இருந்தாள். ஐஸில் வெளுத்த விரல்களைப் பாவாடையில் துடைத்தபடி வெளியே வந்தவள், எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் பேசிக்கினீங்களா சார்?"

தலையாட்டினோம்.

"நல்லது சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கூப்பிட்டோம். அவள் அம்மாவிடமும் போய்க் கேட்டோம். செல்வி பள்ளிக்குத் திரும்பவேயில்லை.

இந்தப் பாடம் எடுக்கப் போகும் இளம் ஆசிரியர்களுக்கு என்னிடம் இருப்பது ஒன்றுதான். வகுப்புக்குப் போகும் முன் ஃபேனை எதிராளி பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள். கொஞ்சம் வியர்க்கும். பரவாயில்லை.