பத்திரம் மாமாவின் பாய்ச்சல்

என் மாமனாருக்குப் பஸ் டிப்போவில் ‘பத்திரம்’ என்று பெயர். பிரேக் மெக்கானிக். புதுக் குடை நனைந்துவிடுமென்று அதை வீட்டில் வைத்துவிட்டு, தொப்பலாக நனைந்து வருகிறவரை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

சாப்பாட்டு வேளையில் டிப்போவில் செஸ் ஓடும். கவிழ்த்த டிரம்மின் மேல் பலகை. தொலைந்துபோன வெள்ளை ராஜாவுக்குப் பதில் ஒரு வீல் போல்ட். ராஜா எந்தப் பக்கமும் ஒரு கட்டம்தான் நகரலாம், அடிபடுகிற கட்டத்தில் கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் பொதுவான சட்டம். டிப்போவில் மட்டும் ஒரு சலுகை உண்டு. ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை ராஜா குதிரை மாதிரி பாயலாம். அதற்கு முன்னால் ஒரு செக் வாங்கிவிட்டால் சலுகை போச்சு.

மாமா எடுத்த எடுப்பிலேயே ராஜாவை ஓரமாக ஒதுக்கி, பக்கத்தில் யானையைக் காவல் வைப்பார். முன்னால் மூன்று சிப்பாய். செத்தாலும் நகர்த்த மாட்டார். பாய்ச்சலை ஆபத்துக்கு என்று எடுத்து வைத்திருப்பார். எதிரே உட்காரும் வெல்டர், காவல் யானையைச் சாவகாசமாகக் காலிசெய்துவிட்டு, கடைசி வரிசையில் தன் யானையை இறக்கி "செக்" என்பார். ராஜா தப்ப வழியிருக்காது. சொந்தச் சிப்பாய்களே மறித்து நிற்கும். அந்த ஒரே செக்கில் பாய்ச்சலும் காலி, ஆட்டமும் காலி. முப்பத்தொரு வருஷமாக இதே கூத்து.

டிப்போ தருகிற இன்னொரு சலுகை, இலவசப் பாஸ். வேலையில் இருக்கும்போது ஒரே ஒரு தடவை மனைவியோடு எந்த ஊருக்கும் போய்வரலாம். அத்தைக்குக் கடல் பார்க்க ஆசை, கல்யாணமான நாளிலிருந்து. "இதைவிட முக்கியமா ஏதாச்சும் வரும்" என்று மாமா பாஸைப் பீரோவில் பூட்டிவிட்டார். அத்தையின் முட்டி தேய்ந்ததே தவிர முக்கியமானது எதுவும் வரவில்லை. இப்போது மாமா ஓய்வுபெற நாலே நாள். அதோடு பாஸும் செல்லாது.

"டிக்கெட் எடுத்தாவது கூட்டிட்டுப் போங்க மாமா" என்றேன்.

"பாஸ் இருக்கறப்ப எவனாவது டிக்கெட் எடுப்பானாம்மா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரங்கள் அன்று நன்றாக அடிவாங்கின.

சாயங்காலம் மாமா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தோற்ற கதையைச் சொன்னார். அத்தை சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் செஸ் தெரியாது.

"ஏங்க, ஒரு தடவை குதிக்கலாம்னு சொல்வீங்களே, குதிச்சிருக்கலாம்ல?"

"ஆபத்துக்குன்னு வெச்சிருந்தேன்டி."

"செக் வந்துட்டா குதிக்க முடியாதுன்னீங்க?"

"ஆமா."

"ஆபத்து வந்தா குதிக்க முடியாது. வராதப்ப நீங்க குதிக்க மாட்டீங்க. அப்புறம் அது எதுக்குங்க?"

அத்தை குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டார். மாமாவின் கையில் காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

மறுநாள் நடந்ததை வெல்டர் பிறகு வந்து சொன்னார். மூன்றாவது நகர்த்தலிலேயே, யாரும் சீண்டாதபோதே, மாமா ராஜாவைத் தூக்கிச் சிப்பாய்களைத் தாண்டி வெளியே வைத்தாராம். வெல்டர் பதறிப்போய், "அண்ணே, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். அடுத்த எட்டு நகர்த்தலில் மாமா படுதோல்வி. எழுந்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஆபீஸ் பக்கம் நடந்தாராம்.

அன்று பகல் ஒரு மணிக்கு மாமா வாசலில் நின்றார். அவர் மதியத்தில் வீட்டுக்கு வந்தது அதுவரை இரண்டே தடவை; இரண்டும் சாவுச் சேதி. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"யாருங்க?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. மூணு மணி பஸ். கிளம்பு, கடலுக்குப் போறோம்."

காலையிலேயே பீரோவிலிருந்து மாமா எடுத்துப்போயிருந்த பாஸை அத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அன்றைய தேதி, முத்திரை, மாமாவின் கிரீஸ் விரல் தடங்கள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"இத்தன வருஷமா எங்கய்யா இருந்த?"

அத்தை அவரை ஒருமையில் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா எங்களுக்கு முகத்தைக் காட்டாமல், பரண்மேல் இருந்த பையை இறக்கினார்.