பின்கழுத்துச் சோதனை

முடி வெட்டும்போது லெவல், லெவல் என்று முணுமுணுப்பதால் லெவல்காரர் என்று பேரெடுத்தவரை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக ஒரே சலூன், ஒரே நாற்காலி, ஒரே வாய். வந்து உட்காருகிறவர் போலீஸ்காரராக இருந்தாலும் சரி, பால்காரராக இருந்தாலும் சரி, "போன தடவை எவன் வெட்டினான் இதை?" என்று கேட்டுவிட்டுத்தான் துணியைப் போர்த்துவார். போன தடவை வெட்டியவர் பெரும்பாலும் அவரேதான். அதற்கெல்லாம் கூச்சப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல் என்பார்.

மனிதர்களை எடை போட அவரிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு: பின்கழுத்து. முன்பக்கம் கண்ணாடியில் தெரியும், அதை எந்தப் பயலும் ஒழுங்காக வெட்டுவான். உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாத இடத்தில் எப்படிக் கை வைக்கிறான் என்பதில்தான் ஒருவனுடைய யோக்கியதை இருக்கிறது என்பது அவர் கட்சி. அலமாரி செய்து கொண்டுவந்த தச்சரைக்கூட, அதைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பிப் பின்பலகையைத் தடவிப் பார்த்த பிறகுதான் உட்காரச் சொன்னார். அதற்குள் தச்சருக்குக் கோபம் வந்து அவர் போய்விட்டார் என்பது வேறு கதை.

இப்போது சோதனைக்கு வந்திருப்பது மாப்பிள்ளை. லெவல்காரரின் ஒரே மகள் செருப்புக்கடையில் வேலை பார்க்கிறாள். எதிர்ச்சாரியில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக்கடை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய்வந்தவள், இறைச்சி வெட்டித் தருகிறவனைப் பிடித்துப்போய் வீட்டில் வந்து சொல்லிவிட்டாள்.

"நீங்களே போய்ப் பாருங்கப்பா. அவருக்கு உங்களைத் தெரியாது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லுங்க, இல்ல வேண்டாம்னு சொல்லுங்க. வேண்டாம்னா ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுடறேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் மனிதரைப் படுத்தி எடுத்தது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். விட்டுவிடுகிறேன் என்கிற பெண்ணிடம் என்னத்தைப் போடுவது?

சலூனைப் பூட்டிவிட்டு மனைவியோடு கிளம்பினார். கடையில் ஆறே மேசைகள், மேலே நீலநிற ரெக்ஸின் விரிப்பு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கம்பியில் கோத்து அடுக்கிய இறைச்சி ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு நின்றபடி நெருப்புக்கு முன்னால் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையன் தலையில் தொப்பியோடு அதன் எதிரே நின்றான். அவன் கையில் இருந்த வெட்டும் மெஷினைப் பார்த்ததும் லெவல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய சலூன் மெஷினுக்கு அது சித்தப்பா மகன் மாதிரி இருந்தது.

ஆளுக்கு ஒன்று வந்தது. மெத்தென்ற ரொட்டியில் இறைச்சியும் வெங்காயமும் வறுத்த உருளைக்கிழங்கும் வைத்து, பூண்டும் வெள்ளரிக்காயும் போட்ட கெட்டித் தயிரை ஊற்றி, காகிதத்தில் சுருட்டியிருந்தார்கள். லெவல்காரர் பையனை விட்டுக் கண்ணை எடுக்காமல் கடித்தார்.

"என்னங்க, பேப்பரையும் சேத்துத் திங்கறீங்க."

"பரவால்ல. வயித்துக்குத் தெரியவா போகுது? நீ அவனைப் பாரு. மணிக்கணக்கா ஒரே இடத்துல நிக்கறான். ஒரு எட்டு சுத்தி வந்து பின்பக்கம் பாத்தானா?"

"அதுதான் சுத்துதே!"

"அதைத்தான் சொல்றேன். தலை சுத்துது, ஆளு நிக்கறான். எங்க தொழில்ல தலை நிக்கும், ஆளு சுத்தணும். இவன் சோம்பேறி."

மனைவிக்குத் தயிர் பிடித்துப்போய்விட்டது. மோவாயில் வழிந்ததைக்கூடத் துடைக்காமல் இரண்டாவதற்குக் கை காட்டினாள். லெவல்காரரும் ஒன்று வாங்கினார், சோதனை முடியவில்லை என்பதால். மூன்றாவதை வாங்கியபோது பெல்ட்டை ஓர் ஓட்டை தளர்த்திக்கொண்டு, அந்தத் தைரியத்தில் எழுந்து தடுப்பருகே போய்விட்டார்.

"தம்பி, அந்தப் பக்கம் மேடு தட்டியிருக்கே, பாக்கறதில்லையா?"

"எந்தப் பக்கம் சார்?"

"பின்பக்கம்."

பையன் இறைச்சியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "சார், இதுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு கிடையாதே."

"பின்பக்கம் இல்லாத பொருள் உலகத்துல ஏதுப்பா?" லெவல்காரர் குரலை உயர்த்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று தன் நாற்காலியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வேறு எவனாக இருந்தாலும் ஆளை வெளியே அனுப்பியிருப்பான். பையன் சுவிட்சை அணைத்தான். சுற்றுவது நின்றது. "இப்ப பாத்துடலாம் சார்," என்று சொல்லி, நெருப்பில் பட்டுவிடாமல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு இறைச்சிக்கும் தடுப்புக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் நுழைந்து, குனிந்து பின்னால் பார்த்தான்.

அவன் குனிந்ததில் அவனுடைய பின்கழுத்து லெவல்காரர் மூக்குக்கு நேரே வந்தது.

அது கட்டிங் இல்லை, அட்டூழியம். மூன்று படிக்கட்டு, நடுவில் ஒரு மொட்டைத் திட்டு, மொத்தமும் இடது பக்கம் ஏறி வலது பக்கம் சறுக்கியது. யார் செய்த வேலை இது என்று சத்தம் போட வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார். அந்த மூன்று படிக்கட்டும் அவருக்குத் தெரியும். இடது கைக்காரியான அவர் மகள், பதினாறு வயதில் அடம்பிடித்துக் கத்திரியை வாங்கி, நாற்காலியில் தூங்கிப்போன தபால்காரர் தலையில் இதே படிக்கட்டைத்தான் கட்டினாள். அந்த மனிதர் ஒரு மாசம் மப்ளர் சுற்றிக்கொண்டு தபால் கொடுத்தார்.

"தம்பி," என்றார் மெதுவாக. "யாரு வெட்டினது?"

பையன் நிமிர்ந்து தொப்பியை எடுத்துக்கொண்டான். "வேண்டியவங்க சார்."

"நான் சலூன் வச்சிருக்கேன். உக்காரு, பத்து நிமிஷத்துல சரி பண்ணிடலாம். காசு வேண்டாம்."

"வேண்டாம் சார்."

"தம்பி, பின்னால எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது."

"தெரியும் சார். போட்டோ எடுத்துப் பாத்தேன்." சொல்லும்போதே அவன் முகம் கொஞ்சம் வாடியது. "ஆனா இதுல வேற யாரும் கை வைக்க விடமாட்டேன். வெட்டி முடிச்சுட்டு அவ்ளோ சந்தோஷமா நின்னாங்க."

லெவல்காரர் இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ கழுத்தைப் பார்த்திருக்கிறார், இப்படி ஒரு யோக்கியனைப் பார்த்ததில்லை.

"அவ அப்பா நான்," என்றார்.

பையன் கையிலிருந்த தொப்பி நழுவித் தட்டில் விழுந்தது. இரண்டு கையாலும் பின்கழுத்தைப் பொத்திக்கொண்டான். "மாமா, அவகிட்ட சொல்லிடாதீங்க மாமா! ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மனைவி மேசையிலிருந்து, "இந்தப் பையனையே முடிச்சுடுங்க," என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு. லெவல்காரர் அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் தட்டினார்.

"சரிம்மா. எனக்குச் சம்மதம்."

அந்தப் பக்கம் ஒரு செருப்புப் பெட்டி விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். "அப்பா! அவர் தலையைப் பாத்தீங்களாப்பா? நான்தான் வெட்டி விட்டேன்."

கடையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பையன் கண்ணாலேயே கெஞ்சினான்.

"பாத்தேம்மா," என்றார் லெவல்காரர். எச்சில் கூட்டி விழுங்கினார். "என் கை அப்படியே உனக்கு வந்திருக்கு."

"நிஜமாவாப்பா? நீங்க யாரையுமே இப்படிச் சொன்னதில்லையே!" மகளுக்குக் குரல் உடைந்தது. "அப்ப கல்யாணத்துக்கு முதல் நாள் உங்களுக்கும் நானே வெட்டி விடறேன்ப்பா."

லெவல்காரர் போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு பையனைப் பார்த்தார். அவன் தடுப்புக்கு மேலே எட்டி, அவர் தோளைத் தொட்டான்.

"வலிக்காது மாமா," என்றான்.