அமாவாசை உருண்டையும் லட்டுவின் மாத்திரையும்

நாய்க்குப் பூச்சி மாத்திரை கொடுப்பது எப்படி? தெரியாதவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்... என்னிடம் மட்டும் வேண்டாம்.

மூன்று வாரம் முன்பு எங்கள் லட்டு தட்டைத் தொடாமல் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. லட்டு — பாதி லேப்ரடார், மீதிப் பாதி யாரென்று தெரியாது. விலா எலும்பெல்லாம் தெரிந்தது. வயிறு மட்டும் உப்பல். கூடவே லொக்கு லொக்கென்று இருமல். ஏழாங்கிளாஸ் படிக்கும் என் மகள் நித்யா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ரிக்‌ஷாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு டாக்டர் காளேயிடம் ஓடினோம். எங்கள் ஔந்து ஏரியாவில் பாதி நாய்களுக்கு அவர்தான் டாக்டர். ஸ்டெதஸ்கோப்பை லட்டுவின் நெஞ்சில் வைத்தார். முகம் மாறியது.

"கொசு கடித்தால் நாய்க்கு இதயத்திலேயே புழு வரும், சொல்லியிருக்கிறேன் அல்லவா? மாதா மாதம் மாத்திரை கொடுக்கிறீர்களா?"

"ஒரு மாதம்கூட விட்டதில்லை டாக்டர்!" என்றேன். ரொம்பப் பெருமையாகச் சொன்னேன்... அதுதான் இப்போது வலிக்கிறது.

எங்கள் ஏற்பாடு அப்படி. ரிமைண்டர் வைக்கலாம் என்று நான் புது செல்போனை எடுத்தபோது என் மனைவி கோமதி சிரித்துவிட்டாள். திருநெல்வேலிக்காரி.

"உங்க செல்லு சார்ஜ் இல்லாம செத்துக் கெடக்கும். அமாவாசை மறக்குமா? அன்னைக்கே குடுத்துருவோம்லா."

எப்படி மறக்கும்? அமாவாசை தவறாமல் என் அப்பாவை நினைத்துக் காகத்துக்குச் சோறு வைப்பவன் நான். காகம் சாப்பிட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு. லட்டுவுக்கும் அதே சட்டம்தான்.

இதில் ஒரு சிக்கல். லட்டு எங்கள் வீட்டில் வளர்ந்து சுத்த சைவமாகிவிட்டது. தயிர் சாதம் என்றால் உயிர். மாத்திரையை மட்டும் மோந்து பார்த்துத் துப்பிவிடும். அதனால் கோமதி பருப்புச் சாதத்தில் நெய் விட்டு இரண்டு உருண்டை பிடிப்பாள். ஒன்று காகத்துக்கு. இன்னொன்று, உள்ளே மாத்திரையோடு, லட்டுவுக்கு. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கும் ஜன்னல் வழியாக நீட்டுவாள்.

"வலது கைப் பக்கம் மாமாவுக்கு, இடது கைப் பக்கம் லட்டுவுக்கு."

மாமா என்றால் என் அப்பா. ஹாலில் நின்று வாங்கிக்கொள்வேன். வலது கைப் பக்கத்து உருண்டை பால்கனிச் சுவருக்குப் போகும். காகம் பாய்ந்து வரும். பிறகு லட்டுவும் ஒரே வாயில் விழுங்கும். ஐந்து அமாவாசை! கொஞ்சமும் பிசகில்லை.

"செய்து காட்டுங்கள்" என்றார் டாக்டர்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கோமதி. இந்தப் பக்கம் நான். உருண்டைக்குப் பதிலாக இரண்டு பஞ்சு. கோமதி நீட்டினாள். நான் வலது பக்கத்தை எடுத்து, ஜன்னலோரம் கொண்டு போய் பக்தியோடு வைத்தேன்.

நித்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "பப்பா... அம்மாவோட ரைட்டு, உனக்கு லெஃப்ட் ஆகுது, நா?" இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழ் அப்படித்தான். ஆனால் கணக்கு சரி.

ஐந்து மாதமாக லட்டுவுக்கு வெறும் பருப்புச் சாதம். மாத்திரை எல்லாம்... என் அப்பாவுக்கு!

டாக்டர் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் மராத்திக்காரர். அவர்கள் வீட்டிலும் திதியன்று காகம் வந்து சாப்பிட்டால்தான் திருப்தி. கவலையோடு கேட்டார், "காகம் சாப்பிட்டதா?"

"ஒரு பருக்கை விடாமல்."

"நல்லது. உங்கள் அப்பாவுக்குப் பூச்சித் தொல்லை இருக்காது." கொஞ்சம் தயங்கினார். "ஒரு விஷயம்... நாய்க்குப் பிடிக்க வேண்டும் என்று அந்த மாத்திரையில் கறி ருசி சேர்த்திருப்பார்கள்."

கோமதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயையோ... அமாவாசையும் அதுவுமா! மாமா அன்னைக்கு வெங்காயம்கூடத் தொட மாட்டாவளே!"

லட்டுவுக்கு ரத்தம் எடுத்தார்கள். மலமும் கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த நாள் காலை அதன் 'சாம்பிளை'ப் பழைய ஊறுகாய் பாட்டிலில் எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். "வீட்டு ஊறுகாயா?" என்று ஆசையாகக் கேட்டார் எதிர்வீட்டுக்காரர். பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ரிசல்ட் வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயில்லா ஜீவன்... என் வலதும் இடதும் தெரியாத புத்தியால் அதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? நித்யா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் டாக்டரே போன் செய்தார். இதயத்தில் புழு இல்லை! இருமல் வெறும் சளி. குடலில்தான் பூச்சி, அதற்கு மருந்து உண்டு. போனை வைத்துவிட்டு லட்டுவைக் கட்டிக்கொண்டு நான் அழுததை நித்யா பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் என்னை மன்னித்தாள்.

இப்போது மாத்திரை கொடுப்பது நித்யாவின் வேலை. வாயைத் திறந்து, நாக்குக்குப் பின்னால் போட்டு, தொண்டையைத் தடவி, விழுங்கும் வரை விடமாட்டாள். லட்டு வயிறு வற்றி, பழையபடி தயிர் சாதத்துக்கு வாலாட்டுகிறது.

போன வாரம் அமாவாசை. அப்பாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு உருண்டை வைத்தேன். சுத்தமான பருப்புச் சாதம். காகம் வந்தது. ஒரு கொத்து கொத்தியது. உருண்டையைப் பிளந்தது. புரட்டியது. சோற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளியது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, 'கா' என்று ஒரே அதட்டல்!

"மாமா என்னத்தையோ தேடுதாவ" என்றாள் கோமதி, மெதுவாக.

எழுபது வருஷம் சுத்த சைவமாக வாழ்ந்த மனுஷர்... பாவம், இத்தனை ஆசையை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ!